மூன்று நிமிஷமும் முழு இரவும்: மனோதர்மத்தின் ஒலிப்பதிவு வரலாறு

ஸங்கீதத்தில் மனோதர்மம் என்பது மேடையிலே பிறந்து மேடையிலேயே மறைவது. ஆகையால் அதன் சரித்திரத்தை எழுத முற்படுகிறவன் சாஹித்யச் சுவடிகளைக் காட்டிலும் ஒலிப்பதிவுகளையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அப்பதிவுகளின் நீளத்தை நெடுங்காலம் நிர்ணயித்தது கலைஞனின் கற்பனையன்று, இசைத்தட்டின் கொள்ளளவே என்பதும், அக்கொள்ளளவு பெருகப் பெருகத்தான் மேடையின் மெய்யான உருவம் நம் செவிக்கு எட்டியது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அமெரிக்க ராக் இசைக்குழு ஒன்றின் நேரடிப் பதிவுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து கேட்கும் தமிழ்ச் செவியின் நிலையில் நின்று இதனை ஆராய்வோம்.

நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷமே சாதாரணமாக அடங்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை அத்தகைய தட்டில் ஏறித் தமிழுலகமெங்கும் கீர்த்தி பெற்றதாயினும், திருவிழா இரவுகளில் மணிக்கணக்காக விரிந்த அந்த ராகத்தின் ஸாரம் மட்டுமே அதிற் கிடைத்தது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடந்தரும் நீளிசைத்தட்டு 1948இல் வந்த பிறகே நிலைமை மாறிற்று. 1955இல் ஸரோத் வித்வான் அலி அக்பர் கானின் ராக விஸ்தாரங்கள், வயலின் வித்வான் யெஹுதி மெனுஹினின் முகவுரையோடு, அமெரிக்காவில் நீளிசைத்தட்டாக வெளிவந்தன. ஜான் கோல்ட்ரேன் 1961இல் ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஒரு ஜாஸ் படைப்பை மேடையில் வாசித்தார். 1966இல் பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் குழு பதிவு செய்த ‘ஈஸ்ட்-வெஸ்ட்’, ஒரே ஆதார ஸ்வரத்தின்மீது கிட்டார்கள் மாறி மாறி ஸஞ்சரிக்கும் பதின்மூன்று நிமிஷ வாசிப்பு. அதையே மேடையில் இருபத்தெட்டு நிமிஷம் வரை வளர்த்த பதிவும் பிற்காலத்தில் வெளியாயிற்று.

இவ்வளர்ச்சியின் உச்சத்தைக் காட்டுவது, தொடக்கத்தில் குறித்த ராக் இசைக்குழுவாகிய கிரேட்ஃபுல் டெட்டின் ‘டார்க் ஸ்டார்’. 1968இல் சிறு தட்டாக வந்தபோது மூன்று நிமிஷத்துக்கும் குறைவாக இருந்த அதே பாட்டு, 1969 பிப்ரவரி 27 அன்று ஸான் பிரான்ஸிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் இருபத்துமூன்று நிமிஷத்துக்கு மேல் நீண்டது; 1972 ஆகஸ்ட் 27 அன்று ஆரிகனில் முப்பது நிமிஷத்தையும் கடந்தது. 1969ஆம் ஆண்டுப் பதிவை ஊன்றிக் கேட்டால், ஏறத்தாழ ஆறு நிமிஷம் கழிந்த பின்னரே வாய்ப்பாட்டு தொடங்குவதையும், தாளவாத்தியங்கள் பெரும்பகுதி அடங்கி நிற்பதையும், ஃபில் லெஷின் அடித்தந்தி வாத்தியம் ஆதார ஸ்வரத்தில் தங்காமல் ஜெரி கார்ஸியாவின் கிட்டாரோடு ஸம்வாதம் புரிவதையும் உணரலாம். அதன் ஸ்வரஸ்தானங்கள் நம் ஹரிகாம்போதி மேளத்துக்கு ஒத்தவை. எனினும் மேளம் இருக்கிறதேயன்றி ராகத்தின் பிடிகள் இல்லை; தந்தியை வளைத்து எழுப்பும் நாதம் கமகத்தை நினைவூட்டுகிறதேயன்றிக் கமகம் ஆவதில்லை. இந்த வேற்றுமையை மறைத்து, ‘இதுவும் நம் ராகமே’ என்று பெருமை கொள்ளுதல் ஆராய்ச்சிக்கு அழகாகாது. பொதுவாயிருப்பது வேறொன்று: அடுத்த கணம் வரவிருப்பதை வாசிப்பவரும் அறியாமல், சபையோரும் அறியாமல், இருவரும் சேர்ந்து எதிர்நோக்கும் அந்த நிலையே.

அந்நிலையைக் காப்பாற்றியவர்கள் ரஸிகர்கள். இரவுதோறும் மாறும் வாசிப்பை அவர்கள் ஒலிநாடாவில் பதிந்து தம்முள் பகிர்ந்துகொண்டார்கள்; 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனியிடமே அக்குழு ஒதுக்கிற்று. நம் கச்சேரி ரஸிகர்களும் சபாக்களில் பதிந்த நாடாக்களை இவ்வாறே போற்றி வந்தவர்கள்தாம். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம் ஓடும் ஒலிநாடாப் பேழையில் ராகம் தானம் பல்லவி முறிபடாமல் அமைந்தது.

சிங்கப்பூரின் நிலை யாது? 1966இல் இங்கே தோன்றிய ஸ்ட்ரே டாக்ஸ் என்ற ராக் குழுவில் ஜிம்மி அப்புதுரை கிட்டார் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் நடனக் கூடங்களில் அக்காலக் குழுக்களுக்கு இளைஞர் கூட்டம் திரண்டது. ஆயினும் அக்குழுக்களின் பதிவுகள் பெரும்பாலும் 45 சுற்றுச் சிறு தட்டுகளே. மேடையில் நீண்டதைத் தட்டில் ஏற்ற இடமில்லை. நீண்ட தலைமுடியின் நிமித்தம் லெட் ஸெப்பலின் குழு 1972இல் இந்நகரத்திற்குள் அனுமதிக்கப்படாமற்போன காலமும் அதுவே. 1973இலோ தைப்பூச ஊர்வலப் பாதையில் வாத்திய இசை தடுக்கப்பட்டது. 2016இல்தான் பாதையோரம் மூன்று இடங்களில் நேரடி வாத்தியங்களுக்கு இடமளிக்கப்பட்டது. ராக் கூடத்தையும் காவடிப் பாதையையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. இரண்டிலும் மேடை இசை சுருங்கிய காலத்தில், சுருங்குமுன் ஒலித்ததைப் பிற்காலத்தார் கேட்பதற்கு முழுநீளப் பதிவே துணையாகும் என்பதே சொல்ல வந்தது.

இன்று செராங்கூன் சாலையில் உறுமி முழங்கும்போது நூறு கைபேசிகள் உயர்கின்றன. ஆனால் அவை எடுப்பவை அரை நிமிஷத் துணுக்குகள். கொள்ளளவுத் தடை முற்றும் நீங்கிய காலத்தில், பழைய தட்டினும் சிறிய அளவுக்கு நாமே மீண்டும் சுருங்கிவிட்டோம். 1979 முதல் முதியோரின் வாய்மொழி நினைவுகளைப் பொறுமையோடு பதிந்து காத்துவரும் நகரம் இது. அதே பொறுமையோடு, ஸ்ரீநிவாஸப் பெருமாள் கோயிலில் ஒரு திருவிழா இரவின் நாகஸ்வரத்தைச் சுருதி சேர்க்கும் முதல் மூச்சிலிருந்து மங்களம் வரை, நாளும் பெயரும் குறித்து ஒருவர் பதிந்து வைப்பாராயின், நாளைய ஆராய்ச்சியாளனுக்குத் தோடியின் ஸாரம் மட்டுமன்றித் தோடி விரிந்த இரவும் கிடைக்கும்.