எரிந்த கூடத்தின் ஒலி

இசைத்தட்டுச் சேகரிப்பில் புதிதாக இறங்கிய நண்பர், மேலைச் செவ்வியல் இசையில் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டார். தயக்கமின்றிச் சொன்னேன்: வாக்னரின் 'ரைன் தங்கம்'. ஜார்ஜ் ஷோல்டி நடத்தியது, டெக்கா வெளியீடு, மூன்று தட்டுகள்.

1958 இலையுதிர்காலத்தில் வியன்னாவின் சோஃபியன்ஸாலில் பதிவானது. அக்கூடம் இசைக்கென்று கட்டப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் குளியல் நிலையமாகத் தொடங்கியது, பின்னர் நீச்சற்குளம், குளிர்காலத்தில் குளத்தின்மேல் பலகை பாவி நடனமாடினார்கள். பலகைக்கடியில் இருந்த அந்த வெற்றிடமே, வீணையின் குடம்போல, ஒலிக்குச் செழுமை தந்தது என்பர்.

ஓபராவைக் கண்ணால் காண இயலாத குறையை ஸ்டீரியோவால் ஈடுசெய்ய முனைந்தவர் தயாரிப்பாளர் ஜான் கல்ஷா. குள்ளர்களின் உலைக்களத்திற்கு வாக்னர் 18 பட்டடைக்கற்கள் கேட்டிருந்தார். கல்ஷா அத்தனையையும் தேடிப்பிடித்து அடிக்கச் செய்தார்!

பழைய தட்டு வாங்குவோருக்கு ஒரு சொல். இசை ஏறத்தாழ நிசப்தத்திலிருந்து, டபுள் பாஸ்களின் ஒற்றைத் தாழ்சுரமாக எழுகிறது. தட்டில் கீறல் இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். முதல் நிமிடத்தைக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். மூலநாடாக்களிலிருந்து புதிதாக உருவாக்கிய தட்டுகள் 2022இல் வெளிவந்தன. இரைச்சல் பொறுக்காதவர்கள் அவற்றை நாடலாம்.

2001 ஆகஸ்டில் சோஃபியன்ஸால் தீக்கிரையானது. 2013இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஆயினும் கல்ஷாவின் ஒலிவாங்கிகள் கேட்ட கூடம் அதுவன்று. நண்பரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. பட்டடையொலி அந்தச் சுவர்களில் பட்டுத் திரும்புவதை அவர் முதலில் கேட்கட்டும்.