பஸ்ஸுக்கு அடியில் ஒரு லாரி: சென்னைப் பேருந்து தாழ்ந்த கதை

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ மாநகரப் பேருந்துக்காக நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். கல்லூரி மாணவன் ஓடுகிற பஸ்ஸில்கூடத் தொற்றிக்கொள்வான். புடவை கட்டிய பாட்டி கம்பியைப் பிடித்து, ஒரு மூச்சு இழுத்து, முதல் படியில் காலை வைப்பார். சக்கர நாற்காலியில் வருபவர்? அவர் பஸ் நிறுத்தத்துக்கு வருவதே இல்லை. வந்து என்ன பயன்!

இந்த உயரம் எங்கிருந்து வந்தது? பதில் கொஞ்சம் வேடிக்கையானது. பல பத்தாண்டுகள் இங்கே ஓடியது பஸ்ஸே அல்ல. பஸ் வேஷம் கட்டிய லாரி!

எண்ணூரில் ஆரம்பித்தது

1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டினார்கள். 1950-ல் இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது. அதன் பிறகு கோமெட் சேசிஸ் இங்கே பூட்டப்பட்டது. 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் என்று மாறியது.

கோமெட் அடிப்படையில் சரக்கு வண்டி. அதே சேசிஸின் மேல் மரப்பெட்டி வைத்தால் லாரி, சீட்டும் ஜன்னலும் வைத்தால் பஸ். வியாபாரக் கணக்கில் இது அருமையான ஏற்பாடு. ஒரே உற்பத்தி வரிசை, ஒரே உதிரி பாகம், ஒரே மெக்கானிக். செலவு குறைவு. ஆனால் லாரிக்கு உயரமான சட்டம் தேவை. கீழே என்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் வரை நீளும் ஷாஃப்ட் எல்லாம் இருக்க வேண்டும். மூட்டைகளுக்கு உயரம் ஒரு பிரச்சினை இல்லை. மனிதர்களுக்கு உண்டு. பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதில் ஒரு முரண். லேலண்ட் கம்பெனி இந்தச் சிக்கலை இங்கிலாந்தில் எப்போதோ தீர்த்துவிட்டது! ராக்கம் என்ற வடிவமைப்பாளர் வந்த பிறகு, 1927-ல் வெளியான டைட்டன் டபுள் டெக்கரில் சேசிஸ் சட்டம் ஆக்சில்களுக்கு மேலே வளைந்து ஏறி, நடுவில் கீழே இறங்கியது. பஸ்ஸுக்கென்றே செய்த சேசிஸ் அது. சென்னைக்கு முதலில் வந்து சேர்ந்ததோ லாரியின் சேசிஸ்.

அப்படியே கீழே இறக்கினால் என்ன?

பழைய லாரியின் முன்பக்கத்தைத் தாழ்த்த ஆசைப்படும் எவரும் முதலில் சந்திக்கும் எதிரி டயர்தான். பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகளைக் கழற்றினால் வண்டி இறங்கிவிடும். ஆனால் முதல் பள்ளத்திலேயே டயர் மேலே எழும்பி மட்கார்டில் உரசும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயரின் ஓரம் சட்டத்தில் இடிக்கும். முன் சக்கரம் மேலும் கீழும் ஆடும், இடமும் வலமும் திரும்பும். இந்த இரண்டுக்கும் சேர்த்து இடம் விட வேண்டும். இதனால்தான் அமெரிக்காவில் பழைய வண்டிகளைத் தாழ்த்தியவர்கள் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு ஆக்சிலை மாற்றினார்கள். சக்கரம் மாட்டும் இரண்டு முனைகளும் மேலே, நடுப்பகுதி கீழே என்று வளைந்த ஆக்சில். ஸ்பிரிங்கின் ஆட்டம் குறையாமல் வண்டி மட்டும் தாழும்.

பஸ்ஸுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காலியாக இருக்கும்போது ஒரு எடை, காலை எட்டரை மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் படிக்கட்டு வரை ஆள் தொங்கும்போது வேறு எடை. பட்டை ஸ்பிரிங் எடைக்கு ஏற்ப அமுங்கும். முழுக் கூட்டத்திலும் டயர் உரசக் கூடாது என்றால், காலி பஸ் உயரமாகவே நிற்க வேண்டும். ரப்பர் காற்றுப்பைகளால் ஆன ஏர் சஸ்பென்ஷன் இதைத் தீர்க்கிறது. ஆட்கள் ஏற ஏற ஒரு வால்வு பைக்குள் காற்றைக் கூட்டி, உயரத்தை மாறாமல் வைத்துக்கொள்ளும்.

டயரும் சிறிதாகும். லாரிகளின் பழைய 10.00-20 டயர் சுமார் 105 செ.மீ. விட்டம். உலகெங்கும் தாழ்தளப் பேருந்துகளில் பரவலான 275/70 ஆர் 22.5 டயர் சுமார் 96 செ.மீ. என்ஜினைப் பின்னால் தள்ளினால் முன்பாதித் தளம் காலியாகும். இவ்வளவு செய்தும் டயருக்கான இடத்தை ஒழிக்க முடியாது. தாழ்தளப் பேருந்தில் முன் சக்கரத்துக்கு மேல் ஒரு பெட்டி பயணிகள் பகுதிக்குள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். டயர் உரசாமல் இருக்க பஸ் கொடுக்கும் விலை அது. சில இருக்கைகள் போகும்.

டபுள் டெக்கர் சொன்ன பாடம்

இதெல்லாம் நம் ஊரில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1967-லேயே அசோக் லேலண்ட் டைட்டன் டபுள் டெக்கரைத் தயாரித்தது. பிராட்வேக்கும் தாம்பரத்துக்கும் இடையே 18ஏ டபுள் டெக்கர் 2000-களின் பிற்பகுதி வரை ஓடியது பலருக்கு நினைவிருக்கும். இரண்டு மாடி வண்டி 4.75 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. கீழ்த்தளத்தைத் தாழ்த்தாமல் இரண்டு மாடியை அதற்குள் அடக்குவது கடினம். பாலத்தில் இடிக்காமல் இருக்கத் தாழ்த்தத் தெரிந்தவர்களுக்கு, பாட்டி ஏறுவதற்காகத் தாழ்த்துவது அவசரமாகத் தோன்றவில்லை!

கோர்ட் படி ஏறிய பிறகு

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1995-ல் வந்தது. 2008-ல் மத்திய அரசின் நகரப் பேருந்து விதிமுறைகள் தளத்தின் உயரத்தை 400, 650, 900 மி.மீ. என்று வகை பிரித்தன. 2016-ல் புதிய உரிமைச் சட்டம் வந்தது. ஆனாலும் சென்னைக்கு 900 மி.மீ. பேருந்துகளை வாங்கும் முயற்சி நடந்தது. மாற்றுத்திறனாளிகள் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. சாலைகள் சரியில்லை, வேகத்தடைகள் இருக்கின்றன, மழைநீர் தேங்கும் என்பது எதிர்வாதம். 2015 வெள்ளத்தில் முடிச்சூரைப் பார்த்தவர்கள் இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் தண்ணீர் தேங்குவது வருடத்தில் சில நாள். படி உயரமாக இருப்பது வருடம் முழுவதும்.

கடைசியில் 552 தாழ்தளப் பேருந்துகளுக்கான ஆர்டர் அசோக் லேலண்டுக்கே போனது. 2024 ஆகஸ்டில் முதல் 58 பேருந்துகள் சாலைக்கு வந்தன. 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து குளிர்சாதன மின்சாரப் பேருந்துகளும் கிளம்பின.

மண்டியிடும் பஸ்

இந்தப் பேருந்துகள் நிறுத்தத்தில் காற்றுப்பையைத் தளர்த்திக் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். தளம் 400 மி.மீ., சாய்ந்தால் சுமார் 60 மி.மீ. குறையும். நடைபாதை 150 மி.மீ. உயரம் இருந்தால் மிச்சம் ஏற வேண்டியது 190 மி.மீ. மட்டுமே. சாதாரண வீட்டு மாடிப்படி அளவு! சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பலகையை விரித்தால் போதும்.

ஆனால் இந்தக் கணக்கு பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் சரியாக வரும். நிறுத்தத்தில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நின்று, பஸ் நடுரோட்டில் நின்றால் ஏற வேண்டியது மறுபடி 340 மி.மீ. சாய்வுப் பலகையும் செங்குத்தாகிவிடும். லாரியைப் பஸ்ஸாக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்த வேலை இப்போது ஓரளவு முடிந்துவிட்டது. பஸ் மண்டியிடத் தயார். அது வந்து மண்டியிட ஒரு பத்து மீட்டர் ஓரத்தை விட்டுக்கொடுக்க ஜிஎஸ்டி ரோடு தயாரா?