தண்ணீரில்லாக் காட்டில் ஓர் ஊற்று

“தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்” என்று மேலதிகாரிகள் ஊழியரை மிரட்டுவதாகத் தமிழகத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்பேச்சு சுட்டுவது பெரும்பாலும் இராமநாதபுரச் சீமையையே. சென்ற கோடையில் உறவினர் இல்ல நிக்காஹுக்காக நாமும் அரை மனத்துடனேயே தாம்பரத்தில் இரவு ரயில் ஏறினோம். மழைக்காலத்தில் வாசல்வரை நீர் வந்துவிடும் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாழும் நமக்கு, விடியலில் கண்ட நிலம் பாலைவனமாகவே தோன்றியது. எங்கும் வெடித்துக் கிடந்த கண்மாய்த் தரையும் சீமைக்கருவேலமுமே.

நிக்காஹ் முடிந்தபின் ஒரு பகல் எஞ்சியிருந்தது. வெயிலுக்கு அஞ்சி அறையிலேயே தங்க எண்ணிய நம்மை மணமகளின் பாட்டனார் விடவில்லை. “இவ்வளவு தூரம் வந்துட்டுக் கீழக்கரையைப் பாக்காமப் போறதா ஹஜ்ரத்?” என்று கூறி, தாமே வண்டி பிடித்து வந்தார்.

முதலில் இராமலிங்க விலாசம் அரண்மனையைக் கண்டோம். போகலூரிலிருந்து தம் தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி, 1710 வரை ஆண்ட மன்னர். அவருடைய உற்ற துணையாக விளங்கியவர் கீழக்கரையின் பெருவணிகர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். அவரே “செத்தும் கொடுத்தான் சீதக்காதி” என்று இன்றும் நாம் வழங்கும் பழமொழிக்குரிய வள்ளல். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஊக்கமளித்தவரும் அவரே.

அங்கிருந்து தெற்கே கடலோரக் கீழக்கரையை அடைந்தபோது லுஹர் நேரம். பழைய ஜும்ஆப் பள்ளியின் கல் தூண்களில் பூவும் கொடியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. உருவம் ஏதும் இல்லை. தமிழ்ச் சிற்பியின் உளி தவ்ஹீதின் வரம்பை அறிந்து நடந்திருக்கிறது. வெளியே அனல் வீச, உள்ளே அக்கல் தரை குளிர்ந்திருந்தது. பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களும் அவ்வளாகத்திலேயே அடங்கியுள்ளார்கள்.

ஆயினும் நம் உள்ளத்தை உலுக்கியது வேறொன்று. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் இவ்வூரில் இருந்துகொண்டுதான் அரூஸிய்யா மத்ரஸாவைச் சிறக்கச் செய்து, அரபுத்தமிழில் நூல்கள் இயற்றினார்கள். அரபுத்தமிழ் என்பது அரபு எழுத்தில் எழுதப்படும் தமிழ். அரபியில் இல்லாத ங, ழ போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள், தமிழ்ப் பள்ளிக்கூடம் செல்லாமலேயே மார்க்கச் சட்டங்களைத் தம் தாய்மொழியில் கற்க அது வழிவகுத்தது.

பாட்டனார் தம் வீட்டு அலமாரியிலிருந்து பழுப்பேறிய ‘மஃகானி’ப் பிரதி ஒன்றை எடுத்து நம் கையில் தந்தார். “எங்கம்மா தினமும் ஓதுனது. நீங்க ஒரு பக்கம் வாசிங்க, கேப்போம்” என்றார். இருபது ஆண்டுகளாக அரபி கற்பிக்கும் நாம், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நாம், முதல் வரியிலேயே தடுமாறி நின்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நூலை வாங்கி மெல்லத் துணியில் சுற்றி வைத்தார். அந்த மௌனம் கோடை வெயிலினும் நம்மைச் சுட்டது.

பயிர் விளையாத பள்ளத்தாக்கில்தான் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தைக் குடியமர்த்தினார்கள். ஸம்ஸம் ஊறியதும் அங்கேதான். அதை மாணவர்க்கு ஆண்டுதோறும் போதிக்கும் நாமே ஓர் ஊரை அதன் வறட்சியைக் கொண்டு மதிப்பிட்டோம். உண்மையில் வறண்டிருந்தது அவ்வூரன்று.

ஊர் திரும்பியதும் நம் வீட்டுப் பரணில் கிடந்த பாட்டியின் கிதாபுகளை இறக்கித் தூசு தட்டினோம். இப்போது வாரம் ஒருநாள், அஸருக்குப்பின், மாணவர் சிலருடன் அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணிலும் அத்தகைய கிதாபு இருக்கக்கூடும். பழைய தாளென்று கழிக்குமுன், ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கும்போதே அவர்முன் அதை விரித்து வையுங்கள்.

நம் முன்னோரின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.