தூரிகை ஏந்திய மாணவியர்

திருவனந்தபுரத்து ஓவிய வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு. மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு திருவிதாங்கூர் அரசவை ஓவியராக விளங்கினார். பின்வந்த இரவிவர்மா (1848–1906) பல நாட்டுப் பெண்டிரை அவரவர் உடையில் தீட்டிப் புகழ்பெற்றார். ஆயினும் வரையப்பட்டவர் பெண், வரைந்தவர் ஆண். இரவிவர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் ஓவியரே. தமையனாரை அவர் தீட்டிய படம் நம் நகரத்து ஸ்ரீசித்ரா கலைக்கூடத் தொகுப்பைச் சேர்ந்தது. எனினும், கலை பயில வெளியூர் செல்லும் வாய்ப்பு அக்காலப் பெண்டிர்க்கு இல்லை.

அவ்வாய்ப்பைப் பெற்றவர் பொன்னானி வட்டாரத்தில் 1940-இல் பிறந்த டி. கே. பத்மினி. 1960-களில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் பயின்றார். சென்னையில் வாழ்ந்தும் அவர் தீட்டியது தம் சிற்றூரையே. அவர்தம் படங்களில் பெண், பிறர் கண்ணுக்கு விருந்தாக நிற்பவள் அல்லள். தன் உடலையும் தனிமையையும் தானே உணர்பவள். பட்டம் விடும் சிறுமியை 1969-இல் தீட்டினார். அவ்வாண்டு மே திங்களில், முப்பது வயது நிறையுமுன், மகப்பேற்றின்போது மறைந்தார்.

பிழைப்பை நாடி நாம் இங்கு வந்தோம்; கல்வியை நாடி அவர் அங்குச் சென்றார். ‘நான் யார், எம்மண்ணுக்கு உரியவள்?’ என்னும் வினா நம் பெண்மக்கள் உள்ளத்திலும் எழும். 1975-இல் கல்லூரியாக உயர்ந்த நுண்கலைக் கூடம் நம் நகரிலேயே உள்ளது. அவர்கள் தூரிகை ஏந்தின், தடுக்காதிருத்தல் நம் கடனன்றோ!