கல்வெட்டு முதல் துண்டறிக்கை வரை

அறப்பணி ஒன்றிற்குப் பொருள் திரட்ட முனைவோர் முதலில் நாடுவது துண்டறிக்கையையே. அச்சுக்கலை ஈன்ற இத்துண்டறிக்கைக்கு, அச்சுக்கு முந்திய மூதாதை ஒன்று உண்டு. கோயிற் சுவரிலும் பாறையிலும் பொறிக்கப்பெற்ற அறக்கொடைக் கல்வெட்டே அது. துண்டறிக்கை கொடையை வேண்டுகிறது. கல்வெட்டு கொடையை அறிவிக்கிறது. எனினும், ஒருவர் ஈந்ததைப் பலர் காணப் பொறித்தல், பின்வருவோரையும் ஈகைக்கு அழைத்தலே ஆகும். செங்கற்பட்டு வட்டாரமும் மாமல்லபுரக் கடற்கரையும் இவ்வுறவை ஆராய்தற்கு ஏற்ற களங்களாம்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணல் மூடிக் கிடந்த எழுத்துகளை வெளிப்படுத்தியது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு, திருவிழிச்சில் என்னும் ஊரின் முருகன் கோயிலைச் சுட்டியது. அதனைத் தொடர்ந்து 2005இல் நிகழ்ந்த அகழாய்வில் அக்கோயிலே வெளிப்பட்டது. ஆங்குக் கிடைத்த கல்வெட்டுகளுள் ஒன்று, மாமல்லபுரத்துக் கிரார்பிரியன் என்பவர் கார்த்திகை விழாவிற்குப் 10 கழஞ்சுப் பொன் அளித்ததைக் கூறுகிறது. மற்றொன்று, வசந்தனார் என்னும் அந்தணப் பெண்மணி விளக்கெரிக்க 16 கழஞ்சுப் பொன் ஈந்ததை உரைக்கிறது. மன்னர் பெயர்களுக்கிடையே இவ்வெளிய பெயர்களும் ஆயிரமாண்டு நிலைத்துள்ளன.

இத்தகு கல்வெட்டுகளின் சொல்லமைப்பு கருதத்தக்கது. அரசனின் ஆட்சியாண்டு, கோட்டம், நாடு, ஊர், ஈந்தவர் பெயர், ஈந்த பொருள், அப்பொருளால் நிகழவேண்டிய பணி, அதனை ஏற்று நடத்தும் பொறுப்பாளர் எனச் செய்தி ஒழுங்குபெறச் செல்லும். நந்தாவிளக்கொன்றிற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பெற்றன. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். ஆடு இறப்பினும் மூப்பினும் கன்று ஈடுசெய்ய, மந்தையின் எண்ணிக்கை குறையாது, நெய்யும் குறையாது. பொன் ஈந்தவிடத்து முதல் நிற்க, வட்டியாகிய பொலிசையால் பணி நடைபெறும். ‘இவ்வளவு ஈந்தால் இன்னது நிகழும்’ என்னும் கணக்குத் தெளிவே கொடையாளர்க்கு நம்பிக்கை அளித்தது. ஊர்ச்சபையோ கோயிலாரோ அப்பொறுப்பை ஏற்றமையால் அந்நம்பிக்கைக்குக் காவலும் இருந்தது.

அச்சுக்காலத்தில் வேண்டுகோள் தாளுக்கு மாறியது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அச்சுச் செலவிற்காகப் பலரையும் கண்டு முன்பணம் தருவோரின் கையொப்பங்களைத் திரட்டினார். தாளில் இருந்த வேண்டுகோளினும் அதனை ஏந்தி வந்த புலவரின் உழைப்பே அங்குப் பெரிதும் பேசிற்று எனலாம்.

பாரதியாரின் முயற்சியோ வேறு வகையினது. 1920இல் கடையத்தில் வாழ்ந்த காலத்தே, தம் கையெழுத்துப் படிகளை 40 நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 படிகளாக வெளியிடக் கருதி, நண்பர்க்குச் சுற்றறிக்கை விடுத்தார். தொடக்கச் செலவு ரூ. 20,000 எனக் கணக்கிட்ட அவர், இரவலாக வேண்டாது வட்டியுடன் திருப்பித்தரும் கடனாகவே பொருள் கேட்டார். தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல எளிதில் விலைபோகும் என்னும் உறுதியும் அவர்க்கிருந்தது. நோக்கம், தொகை, திருப்பித்தரும் முறை ஆகிய யாவும் அவ்வறிக்கையில் இருந்தன. உயர்ந்த தமிழும் இருந்தது. எனினும் எதிர்பார்த்த பொருள் வரவில்லை. 1921இல் கவிஞர் மறைந்தார். 1949இல் அவர்தம் நூல்களின் உரிமையைச் சென்னை அரசு வாங்கியது.

இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. வசந்தனாரின் 16 கழஞ்சுக்குப் பின்னே அதனைப் பேணும் ஓர் அமைப்பு நின்றது. பாரதியாரின் அறிக்கைக்குப் பின்னே அவர் ஒருவரே நின்றார். சொல் எத்துணைச் சிறப்புடையதாயினும், அதனைத் தாங்கிநிற்கும் நிறுவனம் இல்லாவிடத்து அறிக்கை தனித்துவிடும். அறிக்கையின் குறை எழுதியவரின் தமிழில் அன்று, கைகொடாத சமுதாயத்தில் இருந்தது.

இலக்கிய வட்டங்கள் இதனைக் கருதுதல் வேண்டும். பள்ளிக்கோ, நூலகத்திற்கோ, நோயுற்ற எழுத்தாளர்க்கோ உதவி வேண்டும் துண்டறிக்கையை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் கவிஞர்களையே வந்தடைகிறது. அடைமொழிகள் மலிந்த அறிக்கையில் தொகை மறைந்துவிடும். துன்புற்றாரின் அவலத்தை விரித்துரைப்பதில் அவர்தம் மானமும் மறைந்துவிடும். பழங்கல்வெட்டோ விளக்கின் பெயரையும் பொன்னின் அளவையும் கூறி அமைந்தது. எவருடைய வறுமையையும் காட்டி இரக்கவில்லை. பணி யாது, தொகை எவ்வளவு, பொறுப்பேற்பவர் யாவர், கணக்கு எந்நாளில் வெளிவரும் என்னும் நான்கும் முதற்பார்வையிலேயே விளங்குமாயின், அறிக்கை ஒரு பக்கத்தினும் குறுகலாம்.

பணி முடிந்தபின் வரவும் செலவும் காட்டும் இரண்டாம் அறிக்கை ஒன்றும் வெளிவருதல் வேண்டும். அடுத்த அறத்திற்கு அதுவே முதலாக அமையும்.