அரைச் சக்கரக் கட்டணமும் கட்டாயக் காப்பீடும்

1938 பிப்ரவரி 20 அன்று திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை தொடங்கி வைக்கப்பட்டது. முதல் பேருந்தில் பயணம் செய்தவர் மன்னர் சித்திரைத் திருநாள். அதை ஓட்டியவர், லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கண்காணிப்பாளர் ஈ.ஜி. சால்ட்டர். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றின் மேல் கூண்டு கட்டும் வேலை இங்கேயே நடந்தது. கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். அந்தக் கணக்கில் ஏறத்தாழ 40 மைல் தொலைவிலுள்ள நாகர்கோவிலுக்கு 20 சக்கரம் போதும். (குமரி மாவட்டத்தார்க்கு இது அயல்நாட்டுக் கதையன்று, 1956 நவம்பர் 1 வரை அவர்களுக்கும் தலைநகர் திருவனந்தபுரமே.)

சால்ட்டரை அனுப்பிய அதே இங்கிலாந்து, 1930இல் மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. மோதியவரிடம் இழப்பீடு தரப் பணமில்லாவிட்டால் அடிபட்டவர் கதியற்றுப் போவதே அதற்குக் காரணம். பிரிட்டிஷ் இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் இவ்விதி இடம்பெற்றது. ஆயினும் காப்பீடு பற்றிய எட்டாம் அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். நடந்து செல்பவருக்காக எழுதப்பட்ட நல்ல சட்டம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் ஐயம் அதன் முன்னனுமானத்தைப் பற்றியது. 1939இல் மோட்டார் வைத்திருந்தவர் வசதி படைத்தவர். வண்டி அவருடைய விருப்பம். பிரீமியம் கட்ட இயலாதவர் பேருந்தில் போகலாம். இன்று கழக்கூட்டத்தில் இரவுப் பணி முடித்து, நெடுமங்காட்டுக்கு அப்பாலுள்ள மலையோரச் சிற்றூருக்குத் திரும்பும் காவலாளியை எண்ணிப் பாருங்கள். 2021இல் தொடங்கிய நகர வட்டச் சேவை நல்ல முயற்சி. ஆனால் அது நகருக்குள்தான் சுற்றுகிறது. கடைசிப் பேருந்து போன பிறகு அவருக்கு ஸ்கூட்டர் விருப்பமன்று, வேலைக்கான நிபந்தனை.

2018 செப்டம்பர் முதல், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டை மொத்தமாக எடுக்க வேண்டும். 2022 ஜூன் மாத விகிதப்படி 75க்கு மேல் 150 சிசி வரையிலான வண்டிக்கு அது 3,851 ரூபாய். அதன்பின் ஆண்டுக்கு 714 ரூபாய். தொகை சிறிதென்று நமக்குத் தோன்றலாம். பழைய வண்டியை வாங்கி ஓட்டுபவர் மழைக்கால மாதத்தில் முதலில் தள்ளிப்போடுவது இதைத்தான். 2019 திருத்தம் முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் அவரைக் கட்டவைக்கலாம், பேருந்தைக் கொண்டுவராது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, இழப்பீட்டுக்கெனத் தனி நிதி வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்து நிறுவனத்துக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்க இடம் தருகிறது. பேருந்தில் போனால் அந்தச் சுமை பலர் தலையில் பகிரப்படும். பேருந்து இல்லாத ஊரில் அது ஒருவர் தலையில் இறங்குகிறது. அவருடைய காப்பீடு காலாவதியான நாளில் யாரையேனும் மோதிவிட்டால், தீர்ப்பாயம் அவரையே செலுத்தச் சொல்லும். அவரிடம் இல்லையென்றால், 1930க்கு முன் இங்கிலாந்தில் அடிபட்டவர் நின்ற இடத்தில்தான் இங்கு அடிபட்டவரும் தீர்ப்பு நகலோடு நிற்பார்.