முடவன் முழுக்குக் கணக்கு

மாயவரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, சந்து முனையில் அப்பாவின் பத்திரிகைக் கடை. 1982-இல் ஊர் மயிலாடுதுறை ஆன பிறகும் எங்களுக்கு அது மாயவரம்தான். எழும்பூரிலிருந்து இரவு வண்டியில் வரும் கட்டுகளை விடியற்காலையில் பார்சல் ஆபீசில் எடுத்து, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு வருவது என் வேலை. கடையில் இறக்கியதும் ஐந்து ஐந்தாக எண்ண வேண்டும். நடுவில் யாராவது "தம்பி, குமுதம் வந்துடுச்சா?" என்று கேட்டால் எண்ணிக்கை போய்விடும். திரும்ப முதலிலிருந்து.

ரூபாய்க்குக் கால் ரூபாய் கமிஷன். பெரிய இதழ்கள் விற்காததை ஓரளவு திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு வார இதழ் மட்டும் ரிட்டர்ன் என்ற பேச்சையே எடுக்க விடாது. ஒரு ரூபாய் இதழ் விற்றால் 25 காசு லாபம், தங்கினால் 75 காசு நஷ்டம். "ஒண்ணு மிஞ்சினா மூணு வித்த காசு போச்சுடா" என்பார் அப்பா. அந்த இதழில் எப்போதும் கொஞ்சம் குறைத்தே வாங்குவார். ரிட்டர்ன் உள்ள இதழ்களில் தாராளமாகக் கேட்பார். எல்லா ஊர் ஏஜென்ட்டும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். அதனால்தான் அலுவலகங்கள் டெபாசிட் கேட்டன, ரிட்டர்னுக்கு வரம்பு வைத்தன. பத்திரிகை விற்பனையைச் சரிபார்க்க 1948-இல் தொடங்கிய ஏ.பி.சி. தணிக்கையிலும் அச்சடித்த பிரதிகள் எண்ணிக்கையில் வராது. திரும்பி வந்தவை போக நிற்பதுதான் விற்பனை.

அப்பாவிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு உண்டு. இதழுக்கு ஒரு பக்கம், வாரத்துக்கு ஒரு வரி. வந்தது, விற்றது, மிஞ்சியது என்ற மூன்று கட்டங்கள் எந்த ஏஜென்ட் நோட்டிலும் இருக்கும். அப்பா கூடவே இரண்டு கட்டம் போட்டிருந்தார். ஒன்று, கடைசிப் பிரதி போன நாளும் நேரமும். அடுத்த கட்டத்தின் தலையில் 'மு.மு.' என்று எழுதியிருக்கும்.

மாயவரத்துக்காரர்களுக்கு அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா ஸ்நானம், மாதக் கடைசி நாளில் கடைமுழுக்கு. அதற்கும் வந்து சேர முடியாமல் கார்த்திகை முதல் நாள் வந்த முடவனுக்கும் அதே புண்ணியம் கிடைத்ததாம். அதுதான் முடவன் முழுக்கு. இதழ் தீர்ந்த பிறகு வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்களை அப்பா அந்தக் கட்டத்தில் கோடு கோடாகப் போட்டு வைப்பார்.

ஒரு பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வந்தது 60, விற்றது 60, மிஞ்சியது 0. சென்னை அலுவலகத்துக்கு இது அப்பழுக்கில்லாத வாரம். பக்கத்திலேயே அப்பாவின் எழுத்து: 'வெள்ளி மாலை 4. மு.மு. 11.' ஊருக்கு வேண்டியிருந்தது 71.

அதைப் பார்த்துச் சென்னைக்குத் தபால் கார்டு எழுதுவார்: 'அடுத்த இதழில் 8 பிரதி கூட்டி அனுப்பவும்.' பதினொன்று கேட்க மாட்டார். அதில் இரண்டு பேர் வேறு கடையில் வாங்கியிருப்பார்கள், ஒருவர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருப்பார் என்பது அவர் கணக்கு. கார்டு சென்னை போய்ச் சேருவதற்குள் அடுத்த இதழின் பட்டியல் முடிந்திருக்கும். கூட்டிய எட்டு, அதற்கும் அடுத்த வாரம்தான் வரும். அதற்குள் தொடர்கதை முடிந்துபோனால் அந்த எட்டும் நம் தலையில்.

கடைமுழுக்குக்குக் கூட்டம் தெருவெல்லாம் நிற்குமே என்று ஒரு வருஷம் கூடுதலாக வரவழைத்தார். வந்தவர்கள் குளித்தார்கள், மயூரநாதரைக் கும்பிட்டார்கள், பஸ் ஏறினார்கள். அன்றைக்கு மழை வேறு. ஈரக் கையோடு யார் புத்தகம் புரட்டுவார்கள்? நோட்டில் அந்த வரிக்கு எதிரே 'கூட்டம் வேறு, வாசகர் வேறு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அடுத்த ஐப்பசியில் ஒரு பிரதிகூடக் கூட்டவில்லை.

வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது, எத்தனை பிரதி வாங்குவது என்ற இந்தக் கணக்கு பொருளாதாரப் பாடத்திலேயே இருக்கிறதென்று. 1951-இல் கென்னத் ஏரோ, தியோடர் ஹாரிஸ், ஜேக்கப் மார்ஷாக் மூவரும் சரக்கு இருப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு அஸ்திவாரம். இந்தத் துறையில் ஒரு கணக்குக்குப் பத்திரிகை விற்கும் பையன் பெயரே நிலைத்துவிட்டது. ரிட்டர்ன் இல்லாத இதழின் கால் ரூபாய் கமிஷனை அதில் போட்டால் வரும் விடை: கடைசிப் பிரதியும் விற்கும் என்பதற்கு முக்கால் பங்கு நிச்சயம் இருந்தால்தான் அதை வாங்கு. அப்பா எட்டாம் வகுப்பு.

அப்பா கையால் வைத்த கணக்கைக் கருவி வைக்கும் காலமும் வந்தது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்து ட்ராய் ஊர்க் கடையில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடை முதன்முதலாகக் கருவி படித்தது. பிறகு பருவ இதழ்களுக்கென்று 977-இல் தொடங்கும் எண் வந்தது. அதை ஒட்டி நிற்கும் சின்னக் கோடுகள் எந்த வாரத்து இதழ் என்றும் சொல்லிவிடும். பகலில் விற்றது இரவே கணினிக்குத் தெரிந்தால் மறுநாளே கடையை நிரப்பலாம். கார்டுக்கும் கட்டுக்கும் நடுவில் நாங்கள் இழந்த இரண்டு வாரம் ஒரு ராத்திரியாகச் சுருங்கிவிட்டது.

போன மாதம் சென்னையில் ஒரு பெரிய கடையில் ஒரு மாத இதழைக் கேட்டேன். பையன் திரையைப் பார்த்தான். "வந்த அஞ்சும் போயிடுச்சு சார். ஸ்டாக் நில்."

"நான் கேட்டேன்னு எங்கயாவது குறிச்சுக்குவீங்களா தம்பி?"

அவன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அதுக்கு இதுல இடம் இல்ல சார்."